கோதையாற்று மீனை மீண்டும் கோதையாற்றில் வாழவைப்பது எப்படி?

ஆற்றில் அருகிப்போன மீனைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "குஞ்சு எங்கே கிடைக்கும்?" என்றுதான். அந்தக் கேள்விக்குக் கட்டுரையின் பாதியைத் தாண்டிய பிறகுதான் வருவேன். மீனை அழித்த காரணம் ஆற்றில் அப்படியே இருந்தால், நாம் விடும் குஞ்சும் அதே காரணத்தால் சாகும். புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதல் ஒரு வருடத்தை மீனைத் தொடாமலே கழிக்க வேண்டியிருக்கும். அந்த வருடம் வீண் என்று தோன்றினால் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே ஆற்றுக்கு நல்லது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு, அருமனை, பூதப்பாண்டிப் பக்கம் இருக்கும் கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், விவசாயிகள், ஊர்ச் சங்கங்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தனி ஆளாக யாராலும் இதை முடிக்க முடியாது. ஆனால் தொடங்கிவைக்க ஒருவர் போதும்.

எந்த மீன் என்று முடிவு செய்வது

"நாட்டு மீன்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. இனத்தின் பெயரும் அது வாழ்ந்த ஓடையின் பெயரும் தெரிய வேண்டும். நம் மாவட்டத்திலிருந்தே ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2010-இல் ரேமா தேவி, இந்திரா, மார்க்கஸ் நைட் ஆகிய மூவரும் குமரி மாவட்டத்து மலைப்பகுதியிலிருந்து ஒரு புதிய கெண்டை இனத்தை விவரித்தார்கள். இலங்கை மீனியல் அறிஞர் ரோஹன் பெத்தியாகொடவின் பெயரை அதற்கு வைத்தார்கள். இன்று அதன் அறிவியல் பெயர் டாக்கின்சியா ரோஹானி. கேரளத்திலும் தென் தமிழகத்திலும் பரவலாக உள்ள இழைத்துடுப்புக் கெண்டைக்கு இது மிக நெருங்கிய சொந்தம். பழக்கமில்லாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். வால் பக்கம் கரும்புள்ளி உள்ள கெண்டையைப் பார்த்ததும் "இதுதான் அது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. தாமிரபரணி என்ற பெயரில் நமக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆறுகள். திருநெல்வேலித் தாமிரபரணி கிழக்கே ஓடிப் புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. நம் குழித்துறைத் தாமிரபரணியோ கோதையாறும் பரளியாறும் திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்தில் கலந்து, மேற்கே ஓடித் தேங்காப்பட்டணத்தில் அரபிக்கடலில் விழுகிறது. திருநெல்வேலி ஆற்றுக்கே உரிய கெண்டை ஒன்று இருக்கிறது: டாக்கின்சியா தாம்பிரபரணியெய். இ. ஜி. சைலஸ் 1950-களில் விவரித்த இனம். "தாமிரபரணி மீன்" என்று யாராவது குஞ்சு கொடுத்தால், எந்தத் தாமிரபரணி என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் வாங்காதீர்கள்.

இதில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காவிரிதான் காரணம். காவிரியில் ஆள் உயரத்துக்கு வளரும் திமில் மஹசீர் என்ற பெருமீன் இருந்தது. 1970-களிலிருந்து, மஹாராஷ்டிர மாநிலம் லோனாவாலாவில் குஞ்சு பொரிக்கவைத்த நீலத்துடுப்பு மஹசீரைக் காவிரியில் விட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் விட்டார்கள். வந்த மீன் பெருகியது, காவிரியின் சொந்த மீன் சரிந்தது. 2018-இல் அந்தத் திமில் மஹசீரின் அறிவியல் பெயர் டோர் ரேமாதேவியி என்று உறுதியானபோது, கூடவே அது மிக ஆபத்தான நிலையில் உள்ள இனங்களின் பட்டியலிலும் ஏறியது. நம் குமரிக் கெண்டையை விவரித்த அதே ரேமா தேவியின் பெயர்தான் அந்த மீனுக்கும். மஹசீர் காக்க மஹசீர் விட்டதில் ஒரு மஹசீர் அழியப் போகிறது. எந்த ஆற்று மீனோ, அந்த ஆற்றிலிருந்து எடுத்த தாய் மீனின் குஞ்சுதான் அந்த ஆற்றுக்குப் போக வேண்டும். ஒரே ஆற்றிலும் அருவிக்கு மேலே, கீழே என்று பார்க்க வேண்டும். திற்பரப்பு போன்ற அருவியைக் கெண்டையால் ஏற முடியாது. மேலே இருக்கும் கூட்டமும் கீழே இருக்கும் கூட்டமும் நெடுங்காலம் கலக்காமல் இருந்திருக்கலாம்.

உண்மையிலேயே இல்லையா என்று பார்ப்பது

ஒரு மீன் நம் கண்ணில் படவில்லை என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது. கொஞ்சமாவது மிச்சம் இருந்தால், குஞ்சு கொண்டுவந்து விடுவதைவிட, இருப்பதைக் காப்பாற்றுவது எளிது, மலிவு, பாதுகாப்பு.

முதலில் ஆட்களிடம் போங்கள். கோதையாற்று மலைகளில் வாழும் காணி பழங்குடி மக்களுக்கு எந்தக் கயத்தில், அதாவது ஆற்றில் தண்ணீர் ஆழமாகத் தேங்கி நிற்கும் எந்த இடத்தில், எது கிடக்கும் என்று தெரியும். அவர்கள் குடியிருப்பின் தலைவரான மூட்டுக்காணியிடம் அனுமதி கேட்டு, உட்கார்ந்து பேசுங்கள். கீழே வந்தால், வீச்சு வலை போடுகிறவர்கள், தூண்டில் போடும் பெரியவர்கள், கால்வாய் மடை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். "இந்த மீனைப் பார்த்தீர்களா?" என்று படத்தை நீட்டினால் பலரும் மரியாதைக்காக ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் படத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, "பண்டு இந்தக் கயத்தில் என்னென்ன மீன் கிடந்தது?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எந்த வருடத்துக்குப் பிறகு குறைந்தது, அந்தச் சமயத்தில் வேறென்ன நடந்தது என்றும் கேளுங்கள். படத்தைக் கடைசியில் காட்டலாம்.

அப்புறம் ஓடையைப் பாருங்கள். ஏப்ரலில் ஒரு முறை, இரண்டு மழைக்காலங்களிலும் ஒவ்வொரு முறை என்று குறைந்தது மூன்று தடவையாவது ஒரே இடத்துக்குப் போக வேண்டும். ஏப்ரல்தான் முக்கியம். கோடையில் வற்றாமல் நிற்கும் கயம் எது என்று அப்போதுதான் தெரியும், நாளைக்கு மீன் விடப்போவதும் அங்கேதான். தெளிந்த தண்ணீரில் கரையில் அசையாமல் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே நிறையத் தெரியும். மீனைப் பிடித்துப் பார்ப்பது அனுமதியும் அனுபவமும் உள்ளவர்களின் வேலை. அவர்களோடு போகும்போது, மீனை வெள்ளைத் தட்டில் தண்ணீரோடு வைத்து, தலை இடது பக்கம் வரும்படி, பக்கத்தில் அளவுகோலுடன் படம் எடுத்து, உடனே திரும்ப விட்டுவிடுங்கள். இனத்தை உறுதி செய்யச் சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மண்டல மையத்தை அணுகலாம். நாகர்கோவில் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளில் தொடங்குவது இன்னும் எளிது.

ஏன் போனது?

பெரும்பாலும் ஒரே காரணமாக இருக்காது. நம் மாவட்டத்தில் நான் வரிசையாகப் பார்க்கச் சொல்வது இவற்றைத்தான்.

தண்ணீர் வருகிற விதம். பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்தது. அதற்குப் பிறகு பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள், ஆங்காங்கே தடுப்பணைகள் என்று வந்தன. நாஞ்சில் நாட்டு வயல் அவற்றால்தான் விளைகிறது. ஆனால் புதுவெள்ளத்தில் முட்டையிட மேலே ஏறும் மீனுக்கு ஒவ்வொரு தடுப்பணையும் ஒரு சுவர். பாசனக் கால்வாய்களை வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். அடைத்த பிறகு கால்வாய்க் குழிகளில் சிக்கிய மீன்கள் வெயிலிலும் வலையிலும் முடிந்துபோகும். மலைக்கு மேலே மின் உற்பத்திக்காகத் தண்ணீர் விடும் இடத்துக்குக் கீழே ஓடை சட்டென்று ஏறும், இறங்கும். ஓரத்துக் கல்லிலும் செடியிலும் ஒட்டிய முட்டை அதில் வெளியே காய்ந்துவிடும்.

ரப்பர். பாலில் ஃபார்மிக் அமிலம் சேர்த்து உறையவைத்து ஷீட் அடித்த பிறகு வழியும் தண்ணீரில் அமிலமும் இருக்கும், அழுகும் பொருளும் இருக்கும். அது நேரே ஓடையில் விழுந்தால் கோடையில் அந்த இடத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் மிஞ்சாது. துருசு (காப்பர் சல்பேட்) கலந்த பூஞ்சை மருந்தும் கெடுதல்தான். மனிதனுக்குப் பெரிதாகத் தெரியாத அளவுத் தாமிரமே மீனின் செவுளைக் கெடுத்துவிடும். தோட்டக்காரரைக் குற்றம் சொல்லிப் போனால் கேட் திறக்காது. ஷீட் தண்ணீரை ஒரு குழியில் தேக்கிச் சுண்ணாம்பு போட்டு விடலாம், அதிலிருந்து எரிவாயு எடுக்கவும் முறை இருக்கிறது, மருந்து கலக்கும் டிரம்மை ஓடையில் கழுவாமல் இருக்கலாம். இவற்றை ஒரு தோட்டத்தில் செய்துகாட்டினால் பக்கத்துத் தோட்டக்காரர் தாமாகவே வந்து பார்ப்பார்.

வெளியூர் மீன். ஜிலேபிக் கெண்டை 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. இன்று அது இல்லாத குளம் அரிது. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி, தொட்டி சுத்தம் செய்வதற்காக வாங்கிப் பிறகு வேண்டாம் என்று ஆற்றில் வீசப்படும் சக்கர் மீன், கொசுவுக்காக விடப்படும் கம்பூசியா எல்லாவற்றையும் தேடுங்கள். கம்பூசியா விரல் நீளம்கூட இல்லை, ஆனால் கெண்டைக் குஞ்சை அது விட்டுவைக்காது. இவை நிறைந்த கயத்தில் குஞ்சு விடுவதென்றால் தீனி போடுவதற்குச் சமம். வேறு கயம் பாருங்கள்.

தோட்டாவும் நஞ்சும். வெடி வைத்தும், விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் வருட இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்திருக்கிறது. இப்போது பேட்டரி, இன்வெர்ட்டர் வைத்து ஷாக் அடித்துப் பிடிப்பதும் சேர்ந்துகொண்டது. ஒரு கயத்தில் ஒரே ஒரு முறை ப்ளீச்சிங் பவுடர் கொட்டினால் உங்கள் பல வருட வேலை ஒரு மதியத்தில் போய்விடும். இதைத் தடுக்கக் கரையில் வாழும் மக்களால்தான் முடியும். பலகை வைத்து இது நிற்காது. ஊர்க்கூட்டத்தில் "இந்த ஒரு கயத்தில் மட்டும் யாரும் பிடிப்பதில்லை" என்று முடிவு எடுக்க முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கர்நாடகத்தில் சிருங்கேரி மடத்துப் படித்துறையில் துங்கை ஆற்று மஹசீர் அப்படித்தான் பிழைத்து நிற்கிறது. குமரியில் ஆற்றங்கரைக் கோயில்களுக்கும் படித்துறைகளுக்கும் குறைவில்லை.

மணல். ஆற்றின் அடியில் கல், கூழாங்கல், மணல் எல்லாம் கலந்து இருந்தால்தான் முட்டைக்கும் குஞ்சுக்கும் ஒளிய இடம் உண்டு. தோண்டிய இடத்தில் சேறு மட்டும் மிஞ்சியிருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

இந்தக் காரணங்களில் உங்கள் ஓடைக்குப் பொருந்துவது எது என்று ஒரு பக்கத்தில் எழுத முடிய வேண்டும். எழுதிய காரணத்தில் ஒன்றாவது குறைந்த பிறகுதான் அடுத்த கட்டம்.

அனுமதி

இதில் குறுக்குவழி கிடையாது. மலைப்பகுதியில் பெரும்பகுதி கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயத்துக்குள் வருகிறது. அங்கே மீன் பிடிப்பதற்கும் விடுவதற்கும் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் தொடங்குங்கள். கீழ்ப்பகுதியில் மீன்வளத் துறை, அணையும் கால்வாயும் என்றால் நீர்வளத் துறை. 2002-ஆம் வருட உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உங்கள் ஊராட்சியில் அது பெயரளவில் மட்டும் இருந்தால், அதை உயிர்ப்பிக்க இதுவே நல்ல சந்தர்ப்பம். விண்ணப்பத்தோடு நீங்கள் ஒரு வருடம் எழுதிய குறிப்பேட்டின் நகலையும் வையுங்கள். அதிகாரிகள் அதற்கு மதிப்புக் கொடுப்பார்கள். இனங்களை இடம் மாற்றிவிடுவதற்கென்று இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2013-இல் வெளியிட்ட நெறிமுறை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் திட்டத்தை அந்த வரிசையிலேயே எழுதினால் விஞ்ஞானிகளோடு பேசுவது எளிதாகும்.

தாய் மீனும் குஞ்சும்

இப்போது அந்த முதல் கேள்விக்கு வரலாம். வண்ணமீன் கடையில் வாங்கிய மீன் வேண்டவே வேண்டாம். அது எந்த ஆற்றின் மீன், எதோடு கலந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. தாய் மீனை அதே ஆற்றின் வேறொரு பகுதியிலிருந்து, அனுமதியோடு, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். ஒரே கயத்தை வழித்து எடுத்துவிடக் கூடாது. பல கயங்களிலிருந்து, இரண்டு மூன்று பருவங்களில், மொத்தம் 25 ஆண், 25 பெண் என்பது குறைந்தபட்ச இலக்கு. அதற்குக் குறைந்தால் சொந்தத்துக்குள்ளேயே இனம் பெருகி, சில தலைமுறையில் நலிந்துவிடும்.

இந்தக் கட்டத்தை மீன் வளர்ப்பில் கைதேர்ந்த நிறுவனத்தின் துணையோடுதான் செய்ய வேண்டும். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி பக்கத்தில் இருக்கிறது. தேசிய மீன் மரபணு வளப் பணியகத்தின் கொச்சி மையம் மேற்குத் தொடர்ச்சி மலை மீன்களைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யவைப்பதில் பல வருட அனுபவம் உள்ளது. கேரளத்து மஞ்சக்கூரியை அப்படிப் பொரிக்கவைத்து ஆறுகளில் விட்டிருக்கிறார்கள்.

கெண்டை வகைகள் முட்டையைச் செடியிலும் கல்லிலும் சிதறவிடும், பிறகு தாமே தின்றும்விடும். அதனால் தொட்டி அடியில் கூழாங்கல்லோ வலையோ போட்டு, முட்டையிட்டதும் பெரியதை எடுத்துவிடுவார்கள். ஒன்றிரண்டு நாளில் பொரியும். மஞ்சள் கரு தீர்ந்து நீந்தத் தொடங்கியதும் பச்சைத் தண்ணீரில் வளரும் நுண்ணுயிர், அப்புறம் ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறாலின் குஞ்சு. சாக்கடையில் எடுக்கும் டியூபிபெக்ஸ் புழு வேண்டாம், அது நோயைக் கொண்டுவரும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒரு ஜோடி ஆயிரம் குஞ்சு, இன்னொன்று ஐம்பது குஞ்சு என்று பொரித்தால், ஆயிரத்தையும் ஆற்றில் விடக் கூடாது. எல்லா ஜோடியிலிருந்தும் ஏறத்தாழ சம எண்ணிக்கையில் எடுக்க வேண்டும். கேட்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் செய்ய வேண்டும். இரண்டாவது, குஞ்சு மனிதக் கைக்குப் பழகக் கூடாது. கையைக் கண்டதும் மேலே வந்து வாய் பிளக்கும் மீனை மீன்கொத்தி முதல் நாளே கொண்டுபோய்விடும். தொட்டியில் நீரோட்டம், கல், நிழல், உயிருள்ள இரை இவையெல்லாம் இருக்கட்டும். தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலேயே வளர்க்காமல், முதல் தலைமுறைக் குஞ்சையே ஆற்றுக்கு அனுப்புவது நல்லது.

விடுவதற்கு முன் குறைந்தது 30 நாள் தனித்தொட்டியில் வைத்துப் பாருங்கள். உடம்பில் சிவந்த புண் தெரிந்தால் அந்தத் தொகுதியே போகக் கூடாது. 1988-இல் இந்தியாவுக்குள் வந்த மீன் அல்சர் நோய் எவ்வளவு வேகமாக ஆறு ஆறாகப் பரவியது என்பது மீன்வளத் துறையில் உள்ள மூத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். வலை, வாளி, செருப்பு எல்லாவற்றையும் ஒரு ஓடைக்கும் அடுத்த ஓடைக்கும் இடையில் வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும்.

விடும் நாள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெள்ளம் தணிந்த பிறகு, டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை மலையோடைகளுக்கு ஏற்ற காலம் என்பது என் கருத்து. தண்ணீர் தெளிந்திருக்கும், இரை இருக்கும், ஜூன் வெள்ளத்துக்கு முன் குஞ்சுக்குச் சில மாதங்கள் கிடைக்கும்.

முந்தைய நாள் தீனி கிடையாது. பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். பையை நிழலில் கொண்டுபோய், அதிகாலையிலோ மாலையிலோ கயத்தில் அரை மணி நேரம் மிதக்கவிடுங்கள். பைத் தண்ணீருக்கும் ஆற்றுத் தண்ணீருக்கும் சூட்டில் 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, இருந்தால் காத்திருங்கள். அப்புறம் ஆற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேருங்கள். முடிந்தால் கயத்திலேயே ஹாப்பா எனப்படும் பெட்டி வடிவ நுண்வலையைக் கட்டி, இரண்டு மூன்று நாள் அதற்குள் வைத்துப் பிறகு திறந்துவிடலாம். எல்லாக் குஞ்சையும் ஒரே கயத்தில், ஒரே நாளில் கொட்டாமல், பல கயங்களிலும் பல வருடங்களிலும் பிரித்து விடுங்கள். ஒரு வெள்ளத்தில் எல்லாம் போய்விடாமல் இருக்க அதுதான் வழி.

மேடை, மாலை, கேமரா எல்லாம் கயத்திலிருந்து தூரத்தில் இருக்கட்டும். விழா நேரத்துக்காக மீனை வெயிலில் பையோடு காக்கவைக்கக் கூடாது. அதைவிட முக்கியமாக, இடத்தின் துல்லியமான படத்தை வலைத்தளத்தில் போடாதீர்கள். அழகான கெண்டைக்கு வண்ணமீன் சந்தையில் விலை உண்டு.

அதற்குப் பிறகு

முதல் மாதம் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை, குறைந்தது ஐந்து வருடம் போய்ப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை, தண்ணீரின் சூடு, மட்டம், புதிதாகத் தென்பட்ட வெளியூர் மீன் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். பார்க்கிற ஆள் மாறினாலும் பார்க்கிற முறை மாறக் கூடாது: அதே கயம், அதே நேரம், அதே அளவு நேரம். விட்ட மீன் வளர்ந்திருப்பதைப் பார்த்தால் சந்தோஷப்படலாம், ஆனால் வெற்றி என்று அறிவித்துவிட வேண்டாம். நீங்கள் விட்டதைவிடச் சிறிய குஞ்சு, நீங்கள் எதுவும் விடாத வருடத்தில் கயத்து ஓரத்தில் தென்பட வேண்டும். அதுவும் அடுத்தடுத்த பருவங்களில் தென்பட வேண்டும். விட்ட மீனின் துடுப்பு ஓரத்தில் விஞ்ஞானிகள் சிறு அடையாள வெட்டு வைத்திருந்தால், ஆற்றில் பிறந்தது எது என்று பிரித்துச் சொல்லலாம். ஆனால் துடுப்பு மீண்டும் வளர்ந்துவிடும், அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

இரண்டு வருடமாகியும் குஞ்சு எதுவும் தெரியவில்லையென்றால், மேலும் குஞ்சு வாங்கிவந்து விடாதீர்கள். அந்த ஒரு பக்கக் காரணப் பட்டியலுக்குத் திரும்பிப் போய் எது மாறவில்லை என்று பாருங்கள். தோல்வியையும் எழுதி வனத்துறைக்கும் மீன்வளத் துறைக்கும் கல்லூரிக்கும் அனுப்புங்கள். அடுத்த ஓடையில் இறங்குகிறவருக்கு அதைவிடப் பயனுள்ள தாள் வேறில்லை.

இதைப் படிக்கும்போது பிப்ரவரி நெருங்கியிருந்தால் இன்றே ஒரு வேலை தொடங்கலாம். கால்வாய் அடைக்கும் தேதியை நீர்வளத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். மீன்வளத் துறையிடம் சொல்லிவிட்டு, தண்ணீர் வடியும் நாளில் உங்கள் ஊர்க் கால்வாய்க் குழிகளில் என்னென்ன மீன் சிக்கியிருக்கிறது என்று பார்த்துப் படம் எடுங்கள். உங்கள் நோட்டின் முதல் பக்கம் அதுவாக இருக்கட்டும். ஏப்ரலில் மலை ஓடைக்குப் போகும்போது அந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.